கடனா, கொடையா?

பார்வையற்ற ஒருவரின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க உதவும்போது நம் உள்ளம் நிறைவடைகிறது. நல்ல செயல் ஒன்று செய்தோம் என்ற மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறோம். அதே மனிதர், தம்மைப் போன்ற நூறு பேரோடு சேர்ந்து அதே சாலையில் அமர்ந்து, "எங்களுக்கு உரியதை எங்களுக்குத் தாருங்கள்" என்று குரல் எழுப்பும்போது நம் முகம் சுருங்குகிறது. "இவர்களை யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள்" என்கிறோம். "அரசாங்கம்தான் இவ்வளவு செய்கிறதே, இன்னும் என்ன வேண்டுமாம்?" என்கிறோம்.

மனிதர் அவரேதான், அவருடைய பார்வையின்மையும் அதேதான். மாறியது ஒன்றே. முன்பு நாம் கொடுத்தோம். இப்போது அவர் கேட்கிறார். கொடுப்பதில் மகிழும் நாம், கேட்கப்படும்போது ஏன் கசப்படைகிறோம்?

கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய நாம் இக்கேள்வியைச் சற்றே நின்று சிந்திப்பது நலம். ஏனெனில் இரக்கச் செயல்களில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். நம் பங்குகளில் கண் மருத்துவ முகாம்கள் நடைபெறுகின்றன. புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு தேடிச் சென்று உதவுகின்றனர். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஆடைகள் வழங்கப்படுகின்றன. இவையனைத்தும் நல்லவையே. ஆயினும் இவற்றைப் பெற்றுக்கொள்ளும் ஒருவர், "இதற்கு நன்றி, ஆனால் எனக்குத் தரவேண்டிய வேறொன்று உங்களிடம் நிலுவையில் இருக்கிறது" என்று கூறினால் நம்மிடம் என்ன விடை உண்டு?

இரண்டு சொற்கள்

கடன், கொடை என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். கொடை நமக்கு உரிய பொருள். நாம் மனமுவந்து பிறருக்கு அளிப்பது. கடன் பிறருக்கு உரிய பொருள். நம் கையில் இருந்தாலும் நமதன்று. கடனைத் திருப்பித் தருகிறவரை நேர்மையாளர் என்கிறோம். வள்ளல் என்று யாரும் அழைப்பதில்லை. ஆயிரம் ரூபாய் கடன்பட்ட ஒருவர், கடன் கொடுத்தவரின் வீட்டுக்குச் சென்று நூறு ரூபாயை அன்பளிப்பாக வைத்துவிட்டு, அதற்கு நன்றியையும் எதிர்பார்த்தால் ஊரார் என்ன சொல்வார்கள்?

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பது நாம் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. தானத்தைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கலாம். கடனுக்கு அந்த நியாயம் செல்லாது. மிஞ்சினால்தான் கடனை அடைப்பேன் என்பவருக்கு மறுமுறை கடன் கிடைக்காது.

நம் முன்னோரும் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். திருக்குறளை இன்று நாம் படிக்கும் வைப்புமுறையில், நடுவுநிலைமை 12-ஆம் அதிகாரமாகவும், ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரமாகவும், ஈகை 23-ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. நடுநிலை வேறு, ஊரோடு ஒத்து வாழும் கடமை வேறு, இல்லாதவருக்கு ஈவது வேறு. ஒன்றைச் செய்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது.

திருச்சபையின் போதனையும் இதுவே. ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர்க்கு அளிக்கும் உறுதியான மனத்தையே புனித தாமஸ் அக்குவினாஸ் நீதி என்று விளக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணியைப் பற்றி 1965-இல் ஓர் ஆணை வெளியிட்டது. அதன் 8-ஆம் பிரிவு இரக்கச் செயல்களைப் பற்றிப் பேசுகிறது. நீதியின்படி தரவேண்டியதை அன்பின் கொடைபோலத் தரலாகாது என்றும், துன்பத்தின் விளைவுகளோடு அதன் காரணங்களையும் அகற்றவேண்டும் என்றும், உதவி பெறுவோர் பிறரைச் சார்ந்திராத நிலையை அடையும் வகையில் உதவி அமையவேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. இது குருக்களுக்கென எழுதப்பட்டதன்று, பொதுநிலையினருக்கென்றே எழுதப்பட்டது.

தெருவிளக்கு யாருக்காக?

அப்படியானால் பார்வையற்றோர் கேட்பவை கடனா, கொடையா? அவர்களுக்குப் பார்வை இல்லாமற்போனது நம் குற்றமன்று. நாம் எவ்வாறு கடன்பட்டவர்கள் ஆவோம் என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்விதான். அதற்கு விடைகாண நம் புதுச்சேரித் தெரு ஒன்றில் மாலையில் நின்று பார்ப்போம்.

இருட்டத் தொடங்கியதும் தெருவிளக்குகள் எரிகின்றன. அவை யாருக்காக? பார்வையுள்ளவர்களுக்காக. பார்வையற்றவருக்கு விளக்கு தேவையில்லை. அவர் நண்பகலில் நடப்பதுபோலவே நள்ளிரவிலும் நடப்பார். ஆயினும் கடையில் பொருள் வாங்கும்போது அவரும் வரி செலுத்துகிறார். அந்த வரிப்பணத்திலும் நம் விளக்கு எரிகிறது. பள்ளியில் கரும்பலகை, அலுவலகத்தில் அறிவிப்புப் பலகை, பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயர், அச்சிட்ட நூல், நிறத்தால் வேறுபடும் ரூபாய்த் தாள் ஆகிய அனைத்தும் கண்ணுள்ளவர்களுக்காகப் பொதுப்பணத்தில் செய்யப்பட்ட வசதிகளே. இவற்றைப் பெறுவதற்காக நாம் யாரிடமும் கைகூப்பி நின்றதில்லை. இவற்றைத் தருமம் என்று யாரும் அழைப்பதுமில்லை.

பார்வையற்றவர் பிரெயில் நூல் கேட்டால், பேருந்தில் நிறுத்தத்தின் பெயரை ஒலிக்கச் சொன்னால், தேர்வில் தாம் சொல்வதை எழுத ஓர் ஆள் கேட்டால், அது மட்டும் ஏன் சலுகையாகிறது? மனிதர் அனைவருமே சமூகம் செய்து தரும் ஏற்பாடுகளைக் கொண்டுதான் வாழ்கின்றனர். பெரும்பான்மையோருக்கான ஏற்பாட்டை வசதி என்கிறோம். சிறுபான்மையோருக்கான ஏற்பாட்டைக் கருணை என்கிறோம். கண் காணாமற்போவது இயற்கையின் செயலாக இருக்கலாம். நடைபாதையின் நடுவே சாக்கடையைத் திறந்து வைப்பதும், அதன்மேல் இருசக்கர வண்டிகளை நிறுத்துவதும் இயற்கையின் செயல்கள் அல்ல. நேராக ஓடி நேராகவே சந்திக்கும் தெருக்கள் நம் நகரின் பழைய பகுதிக்குப் பெருமை. வெண்கோலோடு தனியே நடப்பவருக்கு இதைவிட எளிதான அமைப்பு வேறில்லை. அந்த நேர்த்தெருக்களின் நடைபாதைகளை அடைத்துவிட்டு, "தனியாக ஏன் வருகிறீர்கள், துணைக்கு யாரும் இல்லையா?" என்று நாமே அவரிடம் கேட்கிறோம்.

விரல்கள் கண்டெடுத்த எழுத்து

பார்வையற்றோர் தம் தேவையைத் தாமே எடுத்துரைக்கவேண்டியதன் காரணத்தைப் பிரான்சு நாட்டு வரலாறு ஒன்று விளக்குகிறது. நம் நகரோடு நெடுங்காலம் பிணைந்திருந்த நாடு அது.

18-ஆம் நூற்றாண்டில் பாரிசு மாநகரச் சந்தையொன்றில், பார்வையற்ற சிலரைக் கோமாளிகளாக வேடமிட்டு, அட்டைக் கண்ணாடி அணிவித்து, இசைக்கருவிகளை வாசிக்கச் செய்து மக்கள் சிரித்து மகிழ்ந்தனர். அக்காட்சியைக் கண்டு மனம் வருந்திய வாலந்தேன் ஹாயி என்பவர், பார்வையற்ற சிறுவர்களுக்காகப் பாரிசில் ஒரு பள்ளியை நிறுவினார். வழக்கமான எழுத்துகளையே தாளில் புடைப்பாக அச்சிட்டு, விரலால் தடவிப் படிக்கும் நூல்களை உருவாக்கினார். உண்மையான இரக்கத்தில் பிறந்த பணி அது. ஆயினும் அவ்வெழுத்துகளின் வடிவம் கண்ணுக்கு ஏற்றது, விரலுக்கு ஏற்றதன்று. மாணவர்கள் மெல்ல மெல்லப் படிக்கலாம். தாமாக எழுத இயலாது.

அப்பள்ளிக்கு 1819-இல் பத்து வயதுச் சிறுவனாக வந்து சேர்ந்தவர் லூயி பிரெயில். குதிரைச் சேணம் செய்யும் தந்தையின் பட்டறையில், மூன்று வயதில் குத்தூசியால் நேர்ந்த விபத்தில் பார்வையிழந்தவர். இராணுவ அதிகாரியாக இருந்த சார்ல் பார்பியே உருவாக்கியிருந்த புள்ளி எழுத்து முறையை ஆராய்ந்து, அதை ஆறே புள்ளிகளாகச் சுருக்கி, விரல்நுனிக்குள் அடங்கும் எழுத்தை 1824-இல், தம் பதினைந்தாம் வயதில், உருவாக்கினார். 1829-இல் அதை நூலாக வெளியிட்டார். நம் நகரின் பொது நூலகமாகிய இன்றைய ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-இல் தொடங்கப்பட்டது. கண்ணுள்ளோருக்கு இங்கே ஒரு நூலகம் திறக்கப்பட்ட அதே ஆண்டுகளில், கண்ணில்லாதோருக்கு நூலகத்தின் கதவையே திறக்கவல்ல எழுத்து பாரிசில் பிறந்துகொண்டிருந்தது.

அந்த எழுத்து உடனே வரவேற்கப்பட்டதா? இல்லை. பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு அது அந்நியமாக இருந்தது. 1840-இல் பொறுப்பேற்ற பள்ளி இயக்குநர் அதைத் தடைசெய்தார். மாணவர்கள் மறைவாக ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து அதை உயிரோடு காத்தனர். 1844-இல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அதன் பயன் எல்லார் முன்னிலையிலும் மெய்ப்பிக்கப்பட்டது. ஆலயங்களில் ஆர்கன் இசைத்துக்கொண்டும், பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டும் வாழ்ந்த பிரெயில் 1852-இல் இறந்தார். பிரான்சு அவருடைய முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே.

இதில் தீயவர் எவரும் இல்லை. தடைசெய்த இயக்குநரும் மாணவரின் நலனையே எண்ணியிருக்கலாம். கண்ணுள்ளோரின் எழுத்திலிருந்து பார்வையற்றோரைப் பிரித்துவிடலாகாது என்று அவர்கள் கருதினர். நல்லெண்ணம் இருந்தது; கேட்கும் செவி இல்லை. தமக்கு எது தேவை என்பதை மாணவர்களே அறிந்திருந்தனர். அவர்கள் ஒன்றுசேர்ந்து விடாப்பிடியாக நின்றிராவிட்டால், 1951-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலும், அதன் வழியே தமிழ் படிக்கும் இன்றைய மாணவரும் ஏது?

நான்காம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும்

நம் நாட்டிலும் தொடக்கம் இரக்கத்திலிருந்தே அமைந்தது. 1887-இல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையாரும், 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் பார்வையற்றோர் பள்ளிகளைத் தொடங்கினர். அம்மறைப்பணியாளர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். பின்னர் 1952-இல் தேசிய அளவில் பார்வையற்றோருக்கான சங்கம் தோன்றியது. 1970-இல் பார்வையற்றவர்களே கூடித் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பை அமைத்தனர்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் இலக்கணமே எடுத்துச் சொல்லும். பார்வையற்றோருக்கான சங்கம் என்பதில் நிற்பது நான்காம் வேற்றுமை. அதன் பொருள்களுள் முதலாவதாக நன்னூலார் எண்ணுவது கொடை. பார்வையற்றோரின் சங்கம் என்பதில் நிற்பது ஆறாம் வேற்றுமை. அதன் பொருள் கிழமை. கிழமை என்றால் உரிமை. ஓர் உருபு மாறும்போது கொடை உரிமையாகிவிடுகிறது. பார்வையற்றோர் கடந்துவந்த நெடும்பயணம் முழுவதும் இந்த ஓர் உருபு மாற்றத்திற்குள் அடங்கும்.

பயணம் எளிதாக இருக்கவில்லை. இங்கிலாந்தில் 1920 ஏப்ரலில், பார்வையற்ற தொழிலாளர் சுமார் 250 பேர் மான்செஸ்டர், லீட்ஸ், நியூபோர்ட் ஆகிய மூன்று நகரங்களிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு இலண்டனை அடைந்தனர். தருமம் வேண்டா, நீதி வேண்டும் என்பதே அவர்கள் ஏந்திய பதாகை. அவ்வாண்டே அந்நாட்டில் பார்வையற்றோர் சட்டம் நிறைவேறி, அவர்கள் ஓய்வூதியம் பெறும் வயது எழுபதிலிருந்து ஐம்பதாகக் குறைந்தது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1980 மார்ச் 16 அன்று, புதுதில்லியில் வேலைவாய்ப்புக் கோரிப் பிரதமரின் இல்லம் நோக்கி அமைதியாகச் சென்ற பார்வையற்றோர்மீது காவல்துறையினர் தடியடி நடத்தினர். எதிரே ஓங்கப்படும் தடியைக் காணவும் இயலாதவர்கள்மீது விழுந்த அந்த அடி நாட்டின் மனச்சான்றை உலுக்கியது.

போராட்டம் வீதியோடு நிற்கவில்லை; நீதிமன்றத்துக்கும் சென்றது. 1993-இல் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், பார்வையற்றோர் குடிமைப்பணித் தேர்வைப் பிரெயிலிலோ, சொல்வதை எழுதுபவரின் துணையோடோ எழுத உச்சநீதிமன்றம் வழி திறந்தது. 1995-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வையோருக்கும் உரியது.

சட்டம் வந்தபின்னும் கணக்கு வேறாக இருந்தது. உயர்நிலைப் பணிகளில் மொத்தக் காலியிடங்களைக் கணக்கிடாமல், மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருத்தமானவை என்று அதிகாரிகள் குறித்த இடங்களை மட்டுமே கணக்கிட்டு 3 விழுக்காடு வழங்கப்பட்டது. எளிய எடுத்துக்காட்டாக, 1,000 காலியிடங்களில் 200 மட்டும் பொருத்தமானவை எனக் குறிக்கப்பட்டதாகக் கொள்வோம். 1,000-இல் 3 விழுக்காடு 30 இடங்கள். 200-இல் 3 விழுக்காடு 6 இடங்கள். எஞ்சிய 24 குடும்பங்களின் சோறு ஒரு கணக்கில் மறைந்துவிடும். கூட்டமைப்பு இதை எதிர்த்து வழக்காடியது. பார்வையற்ற வழக்கறிஞர் எஸ்.கே. ருங்டா இப்பணியில் முன்னின்றார். 2013 அக்டோபர் 8 அன்று, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, மொத்தக் காலியிடங்களின் அடிப்படையிலேயே கணக்கிடவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் சென்னையில் பார்வையற்ற பட்டதாரிகள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். ஆசிரியர் பணிகளில் தங்களுக்கு உரியதாகியும் நிரப்பப்படாமல் கிடந்த இடங்களை நிரப்புமாறு கேட்டனர். அவர்களைக் காவல்துறையினர் வாகனங்களில் ஏற்றிச் சென்று நகருக்கு வெளியே நெடுந்தொலைவில் இறக்கிவிட்டனர் என்ற செய்தியை நாம் நாளிதழ்களில் படித்தோம். வழி தெரியாத இடத்தில் விடப்பட்டவர்கள் போராட்டத்தைக் கைவிடவில்லை. 2014 மே மாதத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனச் சிறப்பு ஆசிரியர் தகுதித் தேர்வு நடைபெற்றது. சாலையில் அமர்ந்தவர்கள் மீண்டும் வகுப்பறையில் ஆசிரியர்களாக நிற்பதற்காகவே அமர்ந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் தயக்கங்கள்

நன்மக்கள் பலரும் இங்கே சில தயக்கங்களை வெளியிடுவதுண்டு. அவற்றை மதித்தே விடையளிப்போம்.

முதலாவது, உதவி பெற்றவர் நன்றியோடு இருக்கவேண்டாமா என்பது. கொடைக்கு நன்றி உண்டு. கடனுக்கு ரசீதுதான் உண்டு. மாதச் சம்பளம் பெறும் நாம் அதற்காக முதலாளியின் காலில் விழுவதில்லை. எப்போதும் நன்றி சொல்லிக்கொண்டே வாழவேண்டிய கட்டாயம் ஒரு மனிதரை எவ்வளவு கூனிக்குறுகச் செய்யும் என்பதைப் பெறுகிற இடத்தில் நின்றவரே அறிவர்.

இரண்டாவது, துன்பத்தைப் பொறுமையோடு ஏற்பதன்றோ கிறிஸ்தவப் பண்பு என்பது. பார்வையின்மை என்னும் சிலுவையை எத்தனையோ பேர் முணுமுணுக்காமல் சுமக்கின்றனர். அவர்கள் எதிர்ப்பது அந்தச் சிலுவையை அன்று. அதன்மேல் நாம் ஏற்றிவைத்த சுமைகளை. பிறர் தோளில் நாம் வைத்த பாரத்தைக் காட்டி, அதைச் சுமப்பதே அவருடைய புனிதம் என்று போதிக்க நமக்கு உரிமை இல்லை. பார்வையற்றவரின் வழியில் தடைக்கல் வைக்கலாகாது என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. அக்கட்டளை பிறந்தது கல்லை வைக்கிறவருக்காக. இடறுகிறவரிடம் பொறுமை கேட்பதற்காக அன்று.

மூன்றாவது, பணியின் தரம் குறைந்துவிடாதா என்பது. இதற்கு விடை சொல்வதற்கு வாழ்க்கைகளே போதும். பிஞ்சு வயதிலேயே பார்வையிழந்த இந்திய வம்சாவளியினரான சாக் யாக்கூப், 1998 முதல் 2013 வரை தென்னாப்பிரிக்காவின் அரசியல்சட்ட நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தார். முற்றிலும் பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ செபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் 2009-இலேயே பார்வையற்ற ஒருவர் நீதிபதியாகப் பொறுப்பேற்றிருந்தும், மத்தியப் பிரதேச மாநில விதியொன்று பார்வையற்றோரை நீதித்துறைப் பணியிலிருந்து முற்றாக விலக்கி வைத்திருந்தது. பார்வைக்குறையுள்ள பிள்ளையின் தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்சநீதிமன்றம், 2025 மார்ச் 3 அன்று அவ்விதியை நீக்கியது. பார்வையின்மையை மட்டுமே காரணம் காட்டி எவருக்கும் நீதித்துறை வாய்ப்பை மறுக்கலாகாது என்று அறிவித்தது. தகுதியை அளந்து பார்த்துத் தள்ளுவது ஒன்று. அளக்கவே மறுப்பது மற்றொன்று.

நான்காவது, எல்லாருக்கும் எல்லாம் செய்ய வசதி எங்கே உள்ளது என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பார்வைக்குறை உடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். தொகை பெரிதுதான். ஆனால் அவர்கள் கேட்பவற்றுள் பலவற்றுக்குப் பணமே தேவையில்லை. பார்வையற்றவர் என்பதற்காகக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை, பெட்டக வசதி ஆகியவற்றை மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2008-இல் ஆணையிட்டது. இதற்கு வங்கிக்கு ஆகும் செலவு என்ன? வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தான்களின் அருகே பிரெயில் எண்கள் உள்ளன. தம் வாக்கைத் தாமே இரகசியமாக அளிக்க விரும்பும் ஒருவரை, "உடன் வந்தவரே போட்டுவிடட்டும்" என்று அவசரப்படுத்தாமல் ஒரு நிமிடம் காத்திருப்பதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை.

எரிகோ சாலையில்

மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் வரும் பர்த்திமேயுவை நாம் நம்பிக்கையின் எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் காண்கிறோம். அங்கே இருந்த கூட்டத்தையும் சற்றே கவனிப்போம். அது இயேசுவைப் பின்தொடர்ந்த கூட்டம், பக்தியுள்ள கூட்டம். அக்கூட்டம்தான் அவரை வாயை மூடச் சொன்னது. அவர் வழியோரமாக அமர்ந்து பிச்சை கேட்டவரையில் எவருக்கும் தொந்தரவு இல்லை. பெயர் சொல்லிக் கூவி அழைத்தபோதுதான் அது ஒழுங்கீனமாகத் தோன்றியது. அதட்ட அதட்ட அவர் குரலை உயர்த்தினார், ஆண்டவர் நின்றார்.

நின்றவர் செய்த அடுத்த செயல் இன்னும் ஆழ்ந்த சிந்தனைக்கு உரியது. பார்வையற்ற ஒருவருக்கு எது தேவை என்பது இயேசுவுக்குத் தெரியாதா? ஆயினும் தாமாக முடிவு செய்யாமல், தாம் என்ன செய்யவேண்டும் என்று அவரையே கேட்டார். பிச்சைக்காரராக ஊர் அறிந்த ஒருவரை, தம் விருப்பத்தைத் தாமே சொல்லத் தகுதியுள்ள மனிதராக எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினார். பார்வை திரும்புமுன்பே அவருக்கு மாண்பு திரும்பிவிட்டது.

எல்லாப் பார்வையற்றோருக்கும் பார்வை கிடைப்பதில்லை. ஆனால் ஆண்டவர் கேட்ட கேள்வியை எல்லாரிடமும் கேட்க முடியும். அதற்கு அற்புதம் எதுவும் தேவையில்லை.

நம் வீட்டிற்குள்

ஆலயத்திற்கு வெளியே உள்ளவர்களுக்கு மட்டும் இவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. உடற்குறையுள்ள ஆரோன் வழியினர் பலி செலுத்த நெருங்கலாகாது என்று பழைய சட்டம் விதித்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், உடற்குறையால் பீடப்பணியைப் பாதுகாப்பாகவோ தகுந்த முறையிலோ ஆற்ற இயலாதோர் குருத்துவம் பெறுவதற்குத் தடை விதித்திருந்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. சட்டம் மாறிவிட்டது, நம் பழக்கம் மாறியதா?

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் தவக்காலத் தியானம் நடத்தச் சென்றிருந்தபோது, ஆசிரியப் பயிற்சி முடித்த பார்வையற்ற பெண் ஒருவர் என்னிடம் பேசினார். "சாமி, ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் எனக்குச் சேலை தருகிறார்கள். நல்ல மனதோடுதான் தருகிறார்கள். ஆனால் ஒரு ஞாயிறுகூட வாசகம் வாசிக்க என்னை அழைத்ததில்லை. எனக்குப் பிரெயில் தெரியுமா என்று கேட்டவர்களும் இல்லை" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பெறுகிறவர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. தருகிறவர் பட்டியலில் இல்லை. அவருடைய குறை அவ்வளவே.

நம் பங்குகளில் தொடங்கக்கூடியவை பல உள்ளன. பார்வையற்ற வாசகருக்கு ஞாயிறு வாசகத்தை முன்கூட்டியே பிரெயிலில் எழுதிக்கொள்ள வாய்ப்பளிக்கலாம். பங்குப் பேரவையில் அவர்களுக்கு இடம் தரலாம். ஆலய வளாகத்தில் படியோ தூணோ புதிதாக அமைக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அவர்கள் தம் சங்கத்தின் கூட்டத்திற்கு இடம் கேட்டால் பங்கு மன்றத்தைத் திறந்துவிடலாம். அவர்கள் மனு எழுதும்போது உடன் கையொப்பமிடலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, ஒதுக்கீடு 4 விழுக்காடாக உயர்ந்துள்ளது. நம் கத்தோலிக்க நிறுவனங்களில் ஆளெடுக்கும்போது, சட்டம் கட்டாயப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும், தகுதியுள்ள பார்வையற்றவரின் விண்ணப்பத்தை மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்துப் படிக்கலாம்.

அப்படியானால் அன்புக்கு வேலையே இல்லையா? உண்டு, மிகுதியாகவே உண்டு. தேர்வில் சொல்வதை எழுதுபவரை அனுமதிப்பது நீதி. காலை வெயிலில் பேருந்து பிடித்துச் சென்று, மூன்று மணிநேரம் அமர்ந்து, தம் கருத்து எதையும் கலக்காமல் அவர் சொன்னதை மட்டும் எழுதித் தருவது அன்பு. இந்திய நாடு 2014-இல், உலக நாடுகளுள் முதலாவதாக ஏற்றுறுதி செய்த மராக்கேஷ் உடன்படிக்கை, பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்றுவதற்குக் காப்புரிமைத் தடையை நீக்குகிறது, அது நீதி. வாரத்தில் ஒரு மாலை அமர்ந்து ஒரு தமிழ் நூலை வாசித்துப் பதிவு செய்து தருவது அன்பு. நீதி அடித்தளம், அன்பு அதன்மேல் எழும் வீடு. அடித்தளம் இடாமல் எழுப்பிய வீட்டில் குடியிருப்பவர், அது எப்போது சரியுமோ என்ற அச்சத்திலேயே நாளைக் கழிப்பார்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 அன்று வெண்கோல் நாள் வருகிறது. அந்நாளில் வாழ்த்துரைகளும் பரிசுகளும் வழங்கப்படுகின்றன. வழங்கட்டும். அதற்குமுன் நம் பங்கிலுள்ள பார்வையற்றவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்று, கையில் எதையும் எடுத்துச் செல்லாமல், ஆண்டவர் எரிகோ சாலையில் கேட்டதைக் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் விடையைக் கடைசிவரை செவிமடுப்போம். நாம் பட்டிருக்கும் கடன் எவ்வளவு என்பது அப்போது தெரியவரும்.